இரு தரப்பு என்னும் பொய்: தமிழ் அரசியல் அங்கதப் படங்களில் நம் இடம்



கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் இந்தத் திருமழபாடிக்கு வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பங்குனியில் வருவார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கூட்டம் வரும். இங்கே நந்தி மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். நமக்கு இன்னொரு நந்தியையும் தெரியும். அது திருப்புன்கூர் நந்தி. கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனார் சாமியைப் பார்ப்பதற்காக விலகிக் கொடுத்ததாகப் புராணம் சொல்லும் நந்தி. அந்த நந்தி நகர்ந்தது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், நந்தனார் நின்ற இடம் நகரவில்லை. பார்ப்பதற்கு வழி கிடைத்தது. உள்ளே போவதற்குக் கிடைக்கவில்லை.

எந்தத் தோழரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் பெயர் இந்நூலின் அட்டையில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து படம் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அரசியலைக் கிண்டல் செய்யும் படம் என்றால் அவர் தவறவிடமாட்டார். நம்மைவிடச் சத்தமாகச் சிரிப்பார். வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே கேள்வி கேட்பார்: “சிரிச்சோம், சரி. இதுல நம்ம ஆளு எங்க தம்பி இருக்கான்?” அந்தக் கேள்விக்கு அவர் இருக்கும்போது நாம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இன்றைய உரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

அரசியல் அங்கதத்தின் தாய்வீடு என்று உலகம் சொல்வது கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தை. 2,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே அரிஸ்டோஃபனீஸ் என்ற நாடக ஆசிரியர், ஆட்சியாளர்களின் பெயரைச் சொல்லியே மேடையில் பரிகசித்தார். ஜனநாயகம் பிறந்த ஊர் என்ற பெருமையும் அந்த ஊருக்கு உண்டு. ஆனால் அந்த ஜனநாயகத்தில் பெண்களுக்கு வாக்கு இல்லை; வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இல்லை; அடிமைகளுக்கு இல்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

கி.மு. 405இல் அரங்கேறிய ‘தவளைகள்’ நாடகம் ஒரு அடிமையோடு தொடங்குகிறது. அவன் பெயர் சாந்தியாஸ். எசமானின் மூட்டையைச் சுமந்து வருகிறான். சுமை தாங்காமல் முனகும் அடிமை, அந்தக் கால நாடகங்களில் வழக்கமான சிரிப்புச் சரக்கு. அந்த நகைச்சுவை புளித்துவிட்டது, சொல்லாதே என்று எசமான் தடுக்கிறான். சுமை இறங்கவில்லை, சுமையைப் பற்றிப் பேசும் வாய்ப்பும் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டு நடந்த கடற்போரில் துடுப்புப் போட்ட அடிமைகளுக்கு ஏதென்ஸ் விடுதலை கொடுத்திருந்தது. அந்தப் போருக்குப் போக முடியாமல் போன வருத்தம் சாந்தியாஸுக்கு உண்டு. பின்னால் ஒரு காட்சியில், எசமான் கடவுளா அடிமை கடவுளா என்று கண்டுபிடிக்க இரண்டு பேரையும் சவுக்கால் அடித்துப் பார்க்கிறார்கள். யாருக்கு வலிக்கவில்லையோ அவர் கடவுளாம். அரங்கம் சிரித்திருக்கும். கூர்மையான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதியவரும் நடித்தவர்களும் பரிசு கொடுத்தவர்களும் குடிமக்கள். சாந்தியாஸ்கள் மேடையில் பாத்திரமாக இருந்தார்கள். அந்த நகரத்தின் கணக்கில் ஆளாக இல்லை. அரசியல் அங்கதம் பிறக்கும்போதே இந்தக் குறையோடுதான் பிறந்தது.

நம் மண்ணுக்கு வருவோம். கிண்டல் செய்வது நமக்கு யாரோ கற்றுக்கொடுத்த கலை இல்லை. அரசன் கொலுவிருக்கும்போதே அவனைக் கேலி செய்யும் உரிமை நம் கூத்தின் கட்டியங்காரனுக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாங்களே நடத்திய இதழ்களில் ஒன்றின் பெயர் ‘மகாவிகடதூதன்’. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். வசையாக வீசப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பில் அச்சிட்டு, வீசியவர்களின் வீட்டு வாசலுக்கே அனுப்பி வைத்த அந்தச் செயலைவிடப் பெரிய அரசியல் அங்கதம் எது? 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் புரட்டினால், சுதேசியம் பேசிக்கொண்டே சாதியைக் காப்பாற்றியவர்களை அவர் எப்படிக் குத்திக் காட்டினார் என்பது தெரியும். ஆக, சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே நம்மிடம் அங்கதம் இருந்தது. அதன் நாக்கு நம் வாயில் இருந்தது. சினிமாவில் அந்த நாக்கு யார் வாய்க்குப் போனது என்பதுதான் கேள்வி.

சினிமாக் கொட்டகையைப் பற்றிப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சொன்ன ஒன்று நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டியது. தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். அங்கே உட்காரும் இடத்தைப் பிறப்பு முடிவு செய்யவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு முடிவு செய்தது. கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் கிடைக்காத இடம் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்குக் கிடைத்தது. திரைக்கு மிக அருகில், மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், திரைக்குள் இல்லை. திருப்புன்கூர் நந்தி மறுபடியும் விலகிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

திரைக்குள் நாம் போன வழியும் பெரும்பாலும் நந்தனார் வழி. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்த ‘நந்தனா’ரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். ஏங்குகிற, அழுகிற, அனுமதி கேட்கிற, கடைசியில் தீயில் இறங்கித் தூய்மை பெறுகிற ஒருவராகத் தலித் மனிதர் திரையில் நிறுவப்பட்டார். அந்த அச்சைச் சிரிப்பால் உடைத்தவர் என்.எஸ். கிருஷ்ணன். அண்ணா கதை எழுதிய ‘நல்லதம்பி’ 1949இல் வந்தது. அதில் கலைவாணர் நிகழ்த்தும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை எழுதியவர் உடுமலை நாராயண கவி. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான்; கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். நந்தனுக்குத் தீ, கிந்தனுக்கு ரயில். பாகவதர் பாணியை அப்படியே வாங்கி, பக்தியை எடுத்துவிட்டுப் படிப்பை வைத்தார்கள். தமிழ்த் திரை அங்கதத்தில், சேரிப் பையனின் ஆசையைப் பரிகசிக்காமல், அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பவர்களைப் பரிகசித்த முன்னோடி முயற்சி அது.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கிந்தனின் ரயிலைப் பற்றிப் பேசும்போது குழுமூர் அனிதாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த பிள்ளை. ரயில் ஏறுகிற தகுதியெல்லாம் இருந்தும், நுழைவாயிலில் புதிதாக ஒரு நந்தியை வைத்தார்கள். 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். கிந்தன் கதை பழைய கதை என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

கிந்தனாருக்குப் பிறகு வந்த அரசியல் அங்கதப் படங்கள் எங்கே போயின? சோ எழுதி இயக்கிய ‘முகமது பின் துக்ளக்’ 1971இல் படமாக வந்தது. கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கும் காட்சி இன்றைக்கும் செல்லுபடியாகிறது. ஆனால் அந்தப் படத்தில் மக்கள் யார்? எதைச் சொன்னாலும் கைதட்டி ஏமாறும் கூட்டம். வாக்குரிமை எல்லாருக்கும் வந்தது குறித்த ஒரு மேல்தட்டு எரிச்சல் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. வாக்குச் சீட்டைத் தவிர வேறு எந்த ஆயுதமும் கிடைக்காத மக்களுக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கொள்வது கடினம். 1994இல் மணிவண்ணனின் ‘அமைதிப்படை’ வந்தது. கோயிலில் உடைத்த தேங்காயைப் பொறுக்கித் திரிந்த அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆகிறான். தமிழில் வந்த அரசியல் அங்கதங்களில் வலுவானது அது. நாம் மனப்பாடமாக வசனம் சொல்லும் படம். ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. அமாவாசை என்பது எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஊர் வைக்கும் பெயர் என்று நமக்குத் தெரியும். அந்தப் பெயரிலிருந்து சோழனுக்குத் தாவும்போது அரங்கம் ஏன் சிரிக்கிறது? பொறுக்கித் தின்றவன் நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆடுவான் என்கிற பழைய ஊர்ப்பேச்சும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கலந்திருக்கிறது. மணிவண்ணனின் நோக்கம் அதுவென்று நாம் சொல்லவில்லை. சிரிப்பு, எடுத்தவரின் நோக்கத்தை மட்டும் கேட்டு வருவதில்லை.

2006இல் சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’. வெள்ளைக்காரனுக்குக் கால்பிடிக்கும் குறுநில மன்னனாக வடிவேலு. குளிர்பானக் கம்பெனியிலிருந்து அரசுப் பணம் வரை எல்லாவற்றையும் குத்துகிற படம். அதில் ஒரு காட்சி: இரண்டு சாதிக்காரர்கள் சண்டை போட மன்னர் ஒரு மைதானமே திறந்து வைக்கிறார். கற்பனைப் பெயருள்ள இரண்டு சாதிகள். கைவேலையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள ஆசைப்படும் இரண்டு முட்டாள் கூட்டங்கள். நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

தோழரின் கேள்வியை அந்த மைதானத்தின் நடுவே நிறுத்திப் பாருங்கள். அங்கே நம்ம ஆள் எங்கே இருக்கிறான்? எங்கும் இல்லை. ஏனென்றால் அந்த மைதானம் தட்டையாக இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி. இரண்டும் சம உயரம், சம ஆயுதம், சம முட்டாள்தனம். நாம் வாழும் சாதி தட்டையானது இல்லை. அது ஏணி, அம்பேத்கர் சொன்னதுபோல் படிப்படியாக அடுக்கிய ஏற்றத்தாழ்வு. தமிழ் அரசியல் அங்கதம் சாதியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஏணியைப் படுக்கப் போட்டுவிடுகிறது. படுக்கப் போட்ட ஏணியில் மேல்படி எது, கீழ்படி எது? இரு தரப்பும் தப்பு என்று சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தச் சிரிப்பு யாரையும் தொடாது.

இந்தப் பழக்கம் சினிமாவோடு நிற்கவில்லை. செய்தியிலும் காவல்துறையின் பேச்சிலும் அதே சொல்தான்: இரு பிரிவினர் மோதல். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனி ஊராட்சியானது. தலைவராகத் தேர்வான முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30இல் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அங்கே மோதிய இரண்டாவது தரப்பு எது? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் தனி ஊராட்சிகளாயின. 2006 வரை பத்தாண்டுகள் அங்கே தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. நடந்தாலும் வென்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அரசியல் அங்கதம் எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை உலகத்தில் எங்காவது கிடைக்குமா? பதவி ஏற்பதும் ராஜினாமா கடிதம் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் நடந்த ஊர்கள் அவை. அந்தப் பத்தாண்டில் வந்த எந்தப் பெரிய நகைச்சுவைப் படமும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தூரத்து ஊர்களை விடுங்கள். இந்தத் திருமழபாடி, அரியலூர் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அரியலூர், சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அது தனித் தொகுதி. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். நம் மாவட்டத்துப் பொன்பரப்பியில், அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் போட்டியிட்ட பானைச் சின்னத்தை முன்வைத்துத் தகராறு எழுந்தது. நம் மக்களின் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளையும் வண்டிகளையும் அடித்து நொறுக்கினார்கள். அப்போதும் பலர் எழுதியது ‘இரு தரப்பு மோதல்’. வாக்கு எண்ணியபோது பானை 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. உடைந்த ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த எண்ணைக் கேட்டவர்கள் இந்த அவையில் இருக்கலாம். ஒரு வாக்கின் எடை என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

ஒற்றை வாக்கின் எடையைப் பற்றியே ஒரு படம் வந்தது. மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’, 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு தொலைக்காட்சியில் வெளியானது. ஊராட்சித் தேர்தலில் வடக்கூரும் தெற்கூரும் சம பலத்தில் நிற்கின்றன. ஊருக்கே முடிவெட்டும் ஒருவன், பெயரே இல்லாதவன். கூப்பிடுவதற்கு வசைச் சொற்கள் மட்டும் உண்டு. அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் உதவியால் நெல்சன் மண்டேலா என்ற பெயரும் வாக்காளர் அட்டையும் கிடைக்கின்றன. ஒரே நாளில் ஊரின் முடிவு அவன் விரலுக்கு வந்துவிடுகிறது. யோகிபாபு நடித்த அந்தப் படம் அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது.

‘மண்டேலா’ ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது. தட்டையான மைதானத்துக்கு வெளியே மூன்றாவதாக ஒருவன் நிற்கிறான், அவன் தோளில் ஏறித்தான் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள் என்று காட்டியது. பெயரும் அட்டையும் இல்லாதவனுக்கு அவை கிடைக்கும்போது அவன் முதுகு எப்படி நிமிர்கிறது என்று காட்டியது. இதை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். கூடவே இரண்டு விஷயங்களைச் சொல்லவும் வேண்டும். முதலாவது, நாயகன் சேவைச் சாதியைச் சேர்ந்தவன். நம்மைப் போலவே இழிவைச் சுமந்த மக்கள் அவர்கள், நம் சகோதரர்கள். ஆனால் ஊராட்சியை வைத்து வரும் ஒரு கதையில் சேரி என்ற ஒன்று தென்படவில்லை. ஊர் வடக்காகவும் தெற்காகவும் பிரிவதற்கு முன்பே ஊர், சேரி என்று பிரிந்து கிடக்கிறது. இரண்டாவது, அவன் கையில் வாக்கு வருகிறது, நாற்காலி வரவில்லை. யாரைத் தலைவராக்குவது என்று அவன் முடிவு செய்யலாம். அவனே தலைவராவது அங்கதத்தின் கற்பனைக்கும் எட்டவில்லை.

நாற்காலி என்றதும் நம் தொகுதியிலேயே நடந்த இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. ஊராட்சி மன்றக் கூட்டம். உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவர் தரையில் இருக்கிறார். அவர் தலித் பெண். வழக்குப் பதிவாகிக் கைது நடந்தது, சரி. ஆனால் அந்தப் படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். எந்த அங்கத இயக்குநரும் இப்படி ஒரு காட்சியை எழுதத் துணிந்திருக்க மாட்டார். மிகையாக இருக்கிறது என்று தணிக்கைக்கு முன்னால் அவரே வெட்டியிருப்பார். நம் தமிழகத்தில் உண்மை, அங்கதத்தை முந்திப் போய்த் தரையில் உட்கார்ந்திருக்கிறது. பெண்கள் என்று வரும்போது திரையின் வறுமை இன்னும் கூடுதல். ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ (2016) கழிப்பறைத் திட்ட ஊழலில் ஒரு பெண்ணின் வாழ்வு நொறுங்குவதைக் காட்டி நம்மை உலுக்கியது. அங்கேயும் பேசுபவன் கணவன்; அவள் படுத்துக் கிடக்கிறாள். அதிகாரத்தைப் பார்த்து வாய்விட்டுக் கிண்டல் செய்யும் தலித் பெண் தமிழ்த் திரையில் இன்னும் வரவில்லை. நம் வீடுகளில் அவள் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த நாற்காலியை நேராகக் கையில் எடுத்த படம் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’, 2023. அது அங்கதப் படம் இல்லை. ஆனால் தமிழ் அங்கதத்தின் பெரிய உடல் அதில் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாகத் திரையில் அடி வாங்கி நம்மைச் சிரிக்க வைத்தவர் வடிவேலு! சாந்தியாஸைச் சவுக்கால் அடித்து ஏதென்ஸ் சிரித்ததுபோல நாமும் அவர் அடிபடும்போது சிரித்தோம். அந்த உடலுக்குத் தனித் தொகுதி எம்.எல்.ஏ. என்ற பதவியைக் கொடுத்து, ஆதிக்க சாதிக்காரரின் வீட்டில் நிற்க வைத்து, உட்காருங்கள் அப்பா என்று மகனைச் சொல்ல வைத்தார் மாரி. அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. படத்தின் முடிவில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். இது வெறும் ஆசை இல்லை. 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டமன்றத்தின் சபாநாயகராக இருந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளையும், 2012 முதல் 2021 வரை இருந்த ப. தனபாலும் நம்மவர்கள். பேரவையின் உயர்ந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஊராட்சியின் பிளாஸ்டிக் நாற்காலிதான் எட்டாமல் இருக்கிறது.

இந்த முரணுக்கு வேர் 1932இல் இருக்கிறது. ஆங்கில அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது; நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை அது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24இல் பூனாவில் ஒப்பந்தம் ஆனது. மாகாணச் சபைகளில் இடங்கள் 71இலிருந்து 148 ஆயின; சென்னை மாகாணத்துக்கு 30. இடங்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடின. தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போனது. கூட்டுத் தொகுதியில் நம் பிரதிநிதி பிறர் வாக்குக்கும் பிறர் மனம் கோணாமைக்கும் கட்டுப்பட்டவரானார்.

திரைப் பிரதிநிதித்துவமும் இதே வழியில்தான் நடக்கிறது. இத்தனை படங்களில் இத்தனை தலித் பாத்திரங்கள் என்று எண்ணிக் காட்டினால் 148 என்று சொல்லித் திருப்தி அடைவது போலத்தான். அந்தப் பாத்திரத்தை எழுதிய கை எது, யார் மனம் கோணாமல் இருக்க எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். ஏணியைப் படுக்கப் போட்டது யார் மனம் கோணாமல் இருக்க?

சிலர் சொல்வார்கள், நகைச்சுவைப் படத்தைப் போய் இப்படி அறுக்கலாமா என்று. நாம் சிரிப்புக்கு எதிரிகள் இல்லை. 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வந்தபோது நம் பிள்ளைகளின் காதல் அசட்டுத்தனத்தைப் பார்த்து நாமே வயிறு வலிக்கச் சிரித்தோம். நம்மை நாமே கிண்டல் செய்துகொள்ளும் அளவுக்கு நமக்குத் தெம்பு இருக்கிறது. அந்தத் தெம்போடு சட்டமன்றத்தையும் ஊராட்சியையும் காவல் நிலையத்தையும் பார்த்துச் சிரிக்கும் படம் இன்னும் வர வேண்டியிருக்கிறது. மேலவளவையும் பாப்பாபட்டியையும் தெற்குத்திட்டையையும் அழாமல், கெஞ்சாமல், பல்லைக் காட்டிச் சிரித்தபடி சொல்லும் படம். அதை எழுதப் போகிறவர்கள் இந்த அவையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளாக இருக்கலாம். பாப்பாபட்டியின் பத்தாண்டுக் கதை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. நம் ஊராட்சிக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகங்களிலும் நிறையக் கிடைக்கும்.

தோழரே, உங்கள் கேள்விக்கு இன்றைய பதில் இதுதான். நம்ம ஆள் திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். இடையில் கிந்தனாக ஒருமுறை ரயில் ஏறினான். மாமன்னனாக ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தான். அங்கதத்தை எழுதும் பேனா ஒரு காலத்தில் அவனிடம் இருந்தது. இரட்டைமலையாரும் பண்டிதரும் அதைப் பிடித்திருந்தார்கள். அதைத் திரும்ப வாங்கும் வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே நாளில் இங்கே கூடும்போது, பின்வரிசைப் பிள்ளைகளில் ஒருவராவது எழுதிய நான்கு பக்கத்தை இந்த மேடையில் வாசிப்போம். நீங்கள் இருந்தால் எங்கே சிரித்திருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

ஜெய்பீம்.